ஏழாவது கை

காலை ஐந்தே முக்காலுக்கு நெப்தாலி உடை மாற்றும் அறைக்குள் வந்தபோது அவன் அலமாரியில் ஒரு பொம்மைத் தொலைபேசி தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு பிளாஸ்டிக். கணுக்காலில் சுற்றிக்கொள்ளும் வெள்ளை டேப்பால் அதைக் கொக்கியில் ஒட்டியிருந்தார்கள். அடியில் ஒரு துண்டுச் சீட்டு: ‘மேலிடத்துக்கு நேரடி இணைப்பு.’

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் உறைத்தது. இந்த அறையில் ஒருவனுடைய ஷூவுக்குள் சவர நுரையை அடைத்துவைத்தால்கூட மூலையில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். இன்று சீக்கிரமே வந்திருந்த, பேஸ்பால் பந்தெறியும் மூன்று பிட்சர்களும் அவரவர் செல்போனில் மூழ்கியிருந்தார்கள்.

“யாரு வேலை இது?” என்று கேட்டான்.

“எது?” டோபின் தலையைத் தூக்கினான். இருபத்து நாலு வயது. போன வருஷம்தான் பெரிய லீக்குக்கு வந்தவன். “ஓ, அதுவா. மணியடிச்சா எடுத்துப் பேசு பெருசு. நமக்கெல்லாம் யாரு கூப்பிடப் போறா? உனக்குத்தான் வரும்.”

நெப்தாலி டேப்பைப் பிய்த்து, பொம்மையைக் குப்பைத் தொட்டியில் போட்டான். அதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அவன் கேட்சர்தான். ஆனால் ஆட்டத்தில் இறங்காத கேட்சர். போர்ட்லண்ட் ஹெரன்ஸ் அணியின் பிட்சர்கள் கையைச் சூடேற்ற எறியும் பந்துகளைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பது அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாகப் பிடிக்கிறான். வெனிசுவேலாவின் மரக்காய்போவை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பிப்ரவரியும் அரிசோனாவுக்கு வந்து வாடகை அறையில் ஆறு வாரம் தங்குவான். அதன்பின் அணியோடு வடக்கே போவான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. இடது உள்ளங்கை எப்போதும் வீங்கியே இருக்கும்.

தினமும் ஆறு மணிக்குப் பிட்சிங் கோச் ஸ்டப்ஸின் அறையில் அவரோடு காபி குடிப்பான். பன்னிரண்டு வருஷமாகக் குடிக்கிறான், யாரும் எதுவும் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் அந்தக் காபி எல்லார் கண்ணிலும் விழுந்தது.

காரணம் எளிது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள் ஐந்து பேர் போதும். ஹெரன்ஸிடம் ஏழு பேர் இருந்தார்கள். குளிர்காலத்தில் யாராவது ஒருவன் கை உடையும் என்று கணக்குப் போட்டு ஆள் சேர்த்துவிட்டார்கள். ஒருவன் கையும் உடையவில்லை. மூன்று பேருக்கு இடம் உறுதி. ஒருவன் சின்னப் பையன், சின்ன லீக்குக்கு அனுப்பினால் முணுமுணுக்காமல் போய்விடுவான். மிச்சம் இரண்டு இடம், அதற்கு மூன்று பேர்: டோபின், டிசம்பரில் பெரிய ஒப்பந்தம் போட்டு வாங்கிவந்த ஒரு வலது கைக்காரன், அப்புறம் கிரேடி.

கிரேடிக்கு முப்பத்தைந்து வயது. இடது கை. பெரிய லீக் பட்டியலில் ஒன்பது வருஷமும் நூற்று முப்பத்தொரு நாளும் இருந்திருக்கிறான். லீக் கணக்கில் நூற்று எழுபத்திரண்டு நாள் ஒரு வருஷம்; இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தால் பத்து வருஷம் நிறையும். பத்து வருஷம் தாக்குப்பிடிப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த நாள் வந்தால் மொத்த அணியும் வட்டமாக நின்று அவனுக்காகக் கோப்பையைத் தூக்கும். எதிரணிக்காரன்கூட வந்து கை கொடுப்பான். ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் கடிகாரம் நின்றுபோகும். முப்பத்தைந்து வயதில், வேகம் குறைந்த ஒருவனுக்கு அதை மறுபடி ஓடவைக்க வேறு எந்த அணியும் வராது.

அன்று சுவரில் ஒட்டிய அட்டவணையில் கிரேடியின் பெயர் மைதானத்து ஆட்டத்தில் இல்லை. நான்காம் எண் பின்திடலில், தன் அணியின் சின்ன லீக் பையன்களுக்கு எதிராகப் போடச் சொல்லியிருந்தார்கள். டிக்கெட் இல்லை, கேமரா இல்லை. அட்டவணைக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

“மறைக்கிறாங்க,” என்றான் ஒருவன்.

“எதை மறைக்கிறாங்க? விக்கப் போறவனை மறைப்பாங்களா? கடைவாசல்ல நிறுத்துவாங்க.”

“கை போயிருந்தா மறைப்பாங்க.”

“கை போச்சுன்னு யாருப்பா சொன்னா?”

ஐந்தாறு தலைகளும் ஒரே நேரத்தில் நெப்தாலி பக்கம் திரும்பி, அதே வேகத்தில் அட்டவணைக்குத் திரும்பின.

பின்திடலில் வெயில் பத்து மணிக்கே கொளுத்தியது. கம்பி வேலிக்கு வெளியே வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வேகம் பார்க்கும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதை மென்று துப்பிக்கொண்டிருந்தார்கள். வேறு அணிகளுக்காக ஆட்டக்காரர்களை எடைபோட வந்தவர்கள். அட்டவணை அவர்களுக்கு எப்படிப் போனது என்று நெப்தாலி யோசித்தான். அப்புறம், கிரேடியும் அதையே யோசிப்பான், யோசித்துவிட்டு என்னையே சந்தேகப்படுவான் என்று தோன்றியது.

திடலுக்குள் போகுமுன் கிரேடிக்குச் சூடேற்றியது நெப்தாலிதான். நேர்ப்பந்து பரவாயில்லை. அடுத்தது ஸ்லைடர், பக்கவாட்டில் வளையும் பந்து, என்று கிரேடி கையுறையால் ஜாடை காட்டியபோது நெப்தாலி உதட்டைக் கடித்துக்கொண்டான். பந்து வளைந்தது. ஆனால் அதைப் போட்ட கையோடு கிரேடி முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். இடது கையின் கடைசி இரண்டு விரல்களைத் தொடையில் தேய்த்தான். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு ஸ்லைடருக்கும் அப்புறம்.

இரண்டு வாரமாக இப்படித்தான். காபிக் கோப்பையை வலது கையில் பிடிக்கிறான். சட்டைப் பொத்தானைப் போட நேரமாகிறது. நெப்தாலி ஒன்றும் கேட்கவில்லை, கிரேடி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் நெப்தாலி செய்தான். பந்தைக் கையுறையின் சரியான குழியில் வாங்கினால் வெடி போட்ட மாதிரிச் சத்தம் வரும். கிரேடியின் ஒவ்வொரு பந்தையும் அப்படி வாங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

“என்ன பாக்கற?” என்று கிரேடி பந்தெறியும் மேட்டிலிருந்து கத்தினான்.

“பந்தைத்தான்டா. வேற என்ன, உன் அழகையா?”

“பந்தை மட்டும் பாரு.”

கிரேடி மூன்று சுற்று போட்டான். பையன்கள் இரண்டு பந்தை வேலிக்கு மேலே அனுப்பினார்கள். தொப்பிக்காரர்கள் மூன்றாவது சுற்று முடியும் முன்பே நாற்காலியை மடக்கினார்கள்.

நெப்தாலி பொருட்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆஷ்டன் வந்து நின்றான். பொது மேலாளரின் உதவியாளன். அரிசோனா வெயிலிலும் கையில்லாத கம்பளிக் கோட்டுப் போடுகிறவன். பந்தைக் கையில் தொட்டதில்லை. ஆனால் பந்து ஒரு நிமிஷத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்று தூக்கத்திலும் சொல்வான். செல்போனில் கற்ற ஸ்பானிஷில் வணக்கம் சொன்னான். நெப்தாலி ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

“கிரேடி வேகம் மூணு மைல் குறைஞ்சிருக்கு,” என்றான் ஆஷ்டன். “வயசானவங்க மார்ச்ல மெதுவாத்தான் சூடாவாங்கன்னு சொல்றாங்க. மெஷின் வேகத்தைச் சொல்லுது, காரணத்தைச் சொல்ல மாட்டேங்குது. அவன் பந்தை தினமும் வாங்குறது நீங்க. வலி எதாவது இருக்கா?”

இதற்குத்தானா? காலையில் அந்தப் பொம்மையை மாட்டியவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ஆபீஸ் ஆள் சிரித்துக்கொண்டே கேட்பான், நீ ஒரு வார்த்தை விடுவாய், சாயங்காலத்துக்குள் ஒருவனுடைய அலமாரி காலியாகும். ஏழு பேரில் கழிக்கவேண்டியவனுக்கு ஒரு காரணம் தேடுகிறார்கள். அந்தக் காரணத்தை என் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறார்கள்.

“வலியா? அவனுக்கா?” என்றான். “கை கருங்கல்லு மாதிரி இருக்கு. ஏப்ரல்ல பாருங்க.”

“உறுதியாச் சொல்றீங்களா?”

“எங்கம்மா மேல சத்தியமா.”

ஆஷ்டன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் தளர்ந்தன. கையிலிருந்த தட்டைக் கணினியில் ஏதோ தட்டினான். “ரொம்பப் பெரிய உதவி, நெப்தாலி,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தள்ளுவண்டியை நகர்த்தாமல் நெப்தாலி அங்கேயே நின்றான். கேட்டவன் ஏமாந்த மாதிரி இல்லையே. எதற்கு அப்படி நிம்மதியானான்? இதில் என்ன பெரிய உதவி?

மறுநாள் ஆறு மணிக்கு ஸ்டப்ஸின் அறைக்குப் போனான். காபி வாசனை வந்தது, ஆனால் மேசையில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. ஸ்டப்ஸ் அறுபதைத் தாண்டியவர், பேச்சில் சிக்கனம்.

“கதவைச் சாத்து,” என்றார். “நீ அவனோட சிநேகிதன்னு நினைச்சிருந்தேன்.”

“யாரோட?”

“கிரேடியோட. இன்னைக்குப் பத்து மணிக்கு அவன் பேரை எடுக்கற காகிதம் போகுது.”

நெப்தாலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “நான் நல்லாருக்கான்னுதானே சொன்னேன்?”

“அதான் சொல்றேன். நல்லாருக்கறவனை எப்ப வேணா கழட்டி விடலாம். அடிபட்டவனை விட முடியாது, காயப் பட்டியல்ல வச்சே ஆகணும். பட்டியல்ல இருக்கற ஒவ்வொரு நாளும் அவன் கணக்குல ஏறும். அவன் முழங்கை சரியில்லன்னு எனக்குச் சந்தேகமா இருக்குன்னு நான் சொல்லிருந்தேன். அதனாலதான் மூணு நாளா கையெழுத்துப் போடாம இழுத்துட்டிருந்தாங்க. கழட்டி விட்டப்புறம் கை போயிருக்குன்னு தெரிஞ்சா ஆட்டக்காரங்க சங்கம் கேஸ் போடும்னு பயம். நேத்து ஆஷ்டன் வந்தான். ‘நெப்தாலி அம்மா மேல சத்தியம் பண்ணிட்டான்’னான். முடிஞ்சுது.”

“எனக்கு ஏன் கோச் முன்னாடியே சொல்லல?”

“சொல்லிருந்தா நீ போய் அவன்கிட்ட சொல்லிருப்ப. அவன் நேரா போய் கை நல்லாருக்குன்னு நெஞ்சை நிமித்தி நின்னிருப்பான். அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“வேற அணி யாராவது...”

“அந்த ரெண்டு தொப்பியா? விதையைத் துப்பிட்டுப் போயிட்டானுங்க. ஒரு போன் வரல.”

சாப்பாட்டுக் கூடத்தில் கிரேடி ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து வலது கையால் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். நெப்தாலி எதிரில் உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்து மேசைகளில் பேச்சு இறங்கியது.

“இன்னைக்கு உன் பேரை எடுக்கறாங்க,” என்றான் நெப்தாலி குரலைத் தாழ்த்தி. “பத்து மணிக்கு. இப்பவே டாக்டர்கிட்ட போ. விரல் மரத்துப்போகுதுன்னு சொல்லு.”

கிரேடி முள்கரண்டியைக் கீழே வைத்தான். “எந்த விரல்?”

“டேய், பன்னெண்டு வருஷமா குந்திக்கிட்டு இதைத்தான்டா பாக்கறேன். என்கிட்டயா?”

“யாரு அனுப்பினா உன்னை? ஆஷ்டனா?”

“யாரும் அனுப்பல.”

“அப்ப காலங்காத்தால இந்தச் சேதி உனக்கு எப்படித் தெரியும்?” கிரேடி முன்னால் சாய்ந்தான். “எனக்குப் புரியுது. நேத்து ரெண்டு பேர் வந்து பாத்தானுங்க. எவனோ கேக்கறான் என்னை. இவங்களுக்குக் குடுக்க மனசில்ல. அதனால நீயே வலின்னு சொல்லிப் படுத்துக்கோன்னு சொல்ல உன்னை அனுப்பறாங்க. நான் படுத்துட்டா டோபினுக்கு இடம். உனக்கு என்ன தரேன்னாங்க? அடுத்த வருஷம் வேலையா?”

“யாரும் கேக்கலடா உன்னை. ஒருத்தன்கூடக் கேக்கல.”

சொல்லியிருக்கக்கூடாது. கிரேடியின் முகம் வெளுத்தது.

“மேசை மேல படுத்து ஐஸ் வச்சுக்கிட்டு நாளை எண்ணறதுக்கா நான் ஒன்பது வருஷம் போட்டேன்?” என்றான் மெதுவாக. “மேட்டுல நின்னு முடிப்பேன். இல்ல வேணாம். எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க.”

நெப்தாலி எழுந்தான். சுவர்க் கடிகாரத்தில் எட்டே கால்.

வைத்திய அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. அந்தத் தூரத்தை அவன் இரண்டு தடவை நடந்தான். ஒரு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினான். பிட்சரின் வலியைப் பந்து வாங்குகிறவன் வெளியே சொல்லக்கூடாது. எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை இது. மீறியவனுக்கு இந்த உலகத்தில் வேறு வேலையும் கிடையாது. ஏழு பேரும் அவன் முன்னால் வாயைத் திறந்து, தோளைத் திறந்து, பயத்தைத் திறந்து நிற்பது அவன் சொல்ல மாட்டான் என்கிற ஒரே தைரியத்தில்தான். இரண்டாவது தடவை கதவைத் தட்டினான்.

உள்ளே டாக்டர் அம்மாவும் ஆஷ்டனும் இருந்தார்கள். ஆஷ்டனைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னான்.

“நேத்து நான் சொன்னது பொய். கிரேடிக்குக் கை சரியில்ல.”

ஆஷ்டன் தட்டைக் கணினியைக் கீழே வைத்தான். “அம்மா மேல சத்தியம் பண்ணீங்க.”

“ஆமா.”

“இப்ப, காகிதம் போறதுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி, திடீர்னு ஞாபகம் வந்துதா? ஸ்டப்ஸ் சொல்லிக்குடுத்தாரா, கிரேடியா? எது பொய், நேத்தா இன்னைக்கா?”

“என்னை நம்பாதீங்க,” என்றான் நெப்தாலி. “அவனைக் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. இடது கை மோதிர விரல், சுண்டு விரல். தொட்டுப் பாருங்க. அவ்வளவுதான்.”

கிரேடியைக் கூப்பிட ஆள் போனது. அவன் வரும்போது நெப்தாலி வராந்தா பெஞ்சில் இருந்தான். கிரேடி அவனைக் கடந்து போனான், பார்க்கவில்லை. கதவு முழுசாகச் சாத்தவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டர். இந்தக் கிழவன் கிறுக்குப் பிடிச்சு அலையறான்.”

“தெரியும். சும்மா ஒரு சோதனை. கண்ணை மூடிக்கோங்க. நான் தொடறப்ப சொல்லுங்க.”

“இப்ப,” என்றான் கிரேடி. “இப்ப. கட்டைவிரல். ஆள்காட்டி. இப்ப நடுவிரல்.”

அப்புறம் அமைதி. ஏதோ இயந்திரம் ஒன்று உள்ளே ரீங்கரித்தது. அமைதி நீண்டது.

“தொடுங்க டாக்டர்,” என்றது கிரேடியின் குரல். “எதுக்குக் காத்திருக்கீங்க?”

ஆஷ்டன் யாருக்கோ போன் போட்டு, “அந்தக் காகிதத்தை நிறுத்துங்க,” என்று சொல்வது கேட்டது.

படம் எடுத்தார்கள். முழங்கையில் தசைநார் பாதி கிழிந்திருந்தது, நரம்பு நசுங்கியிருந்தது. அறுபது நாள் காயப் பட்டியல். ஏழில் ஒன்று கழிந்தது, ஆபீஸுக்கு வேலை சுலபமானது. நாற்பத்தொன்றுக்கு மேலேயே பத்தொன்பது நாள் மிச்சம்.

மத்தியானம் அறையில் எல்லாரும் இருக்கும்போது கிரேடி வந்தான். இடது கை கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்கியது. நேராக நெப்தாலியின் முன்னால் வந்து நின்றான்.

“நல்லாருக்குன்னு நேத்து சொன்னது யாரு?”

“நான்தான்.”

“இன்னைக்கு இல்லன்னு சொன்னது?”

“அதுவும் நான்தான்.”

“எதுக்காக உன்னை அடிக்கறதுன்னு முடிவு பண்ண முடியல,” என்றான் கிரேடி. யாரோ ஒருவன் சிரிக்கப்போய் இருமினான். “நீ யாரு பக்கம்?”

“உன் பக்கம்தான்டா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் காலை கை சூடேற்றும் திடலில், தரையில் பதித்த வழக்கமான தன் தட்டுக்குப் பின்னால் நெப்தாலி குந்தினான். பக்கத்துத் தட்டில் இன்னொரு கேட்சர், போன மாதம் வந்த பையன். முதலில் வந்த பிட்சர் அந்தப் பையன் பக்கம் போனான். இரண்டாமவனும் போனான். மூன்றாமவன் வரிசையில் நின்று காத்திருந்தான். நெப்தாலியின் எதிரே மேடு காலியாகக் கிடந்தது. முழங்கால் வலித்தாலும் அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள். முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது.

டோபின் வந்தான். வரிசையைப் பார்த்தான், காலி மேட்டைப் பார்த்தான், தயங்கினான். தரையைக் காலால் கிளறினான்.

வேலியோரம் யாரோ நடந்துவரும் சத்தம். கிரேடி. தூளி, கறுப்புக் கண்ணாடி, வலது கையில் காபி. காலி மேட்டுக்குப் பின்னால் வந்து நின்றான். நெப்தாலியைப் பார்க்கவே இல்லை.

“என்னடா நிக்கற?” என்றான் டோபினிடம்.

“இல்லண்ணே... அந்தப் பக்கம் போடலாம்னு...”

“அந்தப் பையனா? அவன் பந்து வாங்கினா பொத்துன்னு சத்தம் வரும், பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி. கிழவன்கிட்டயே போடு.” கிரேடி காபியை உறிஞ்சினான். “ஆனா வலிச்சுதுன்னு வை, முகத்தை மட்டும் அந்தாளுகிட்ட காட்டாத.”

டோபின் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். நெப்தாலி கையுறையை நீட்டினான்.